போர்டுல ஒட்டுனா சொன்னதாயிருமா?

மாற்றம் கொண்டுவரும் அதிகாரி என்பது, யாரோ எடுத்த முடிவுக்கு நாம் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வருகிற வேலை. உங்களில் யாரையாவது முதலாளி கூப்பிட்டு, "இதை நீதான் முன்னால நின்னு நடத்தணும்" என்று சொல்லியிருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே இனம்.

தொண்ணூறுகளின் நடுவில் துடியலூர்ப் பக்கம் ஒரு பம்ப் மோட்டார் கம்பெனியில் நான் பர்சனல் ஆபீசர். ஆபீசர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். லீவு போடுகிறவர்களுக்கு லீவு எழுதுவது, கேன்டீன் சாம்பாரில் உப்பில்லை என்றால் போய் ருசி பார்ப்பது, இதுதான் உத்தியோகம். அப்போதுதான் எங்கள் முதலாளி ஜப்பானைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். வந்த மறுநாளே என்னைக் கூப்பிட்டார். வைண்டிங் செக்‌ஷனை மாற்ற வேண்டுமாம். செம்புக் கம்பியைச் சுற்றி மோட்டாருக்குள் இறக்கிக் கட்டுகிற வேலை அது. முழுக்கப் பெண்கள். ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு மோட்டார், முதலிலிருந்து கடைசி வரை அவரவரே முடிப்பார்கள். இனி மேஜைகளை ஒரே வரிசையாகப் போட்டு, ஒருத்தி சுற்ற, அடுத்தவள் இறக்க, அதற்கடுத்தவள் கட்ட, அப்படியே கைமாறிப் போக வேண்டும் என்றார். பொங்கலுக்குள் வரிசை ஒழுங்காக ஓடினால் செக்‌ஷன் இருக்கும். இல்லாவிட்டால் செக்‌ஷனை மூடிவிட்டு வைண்டிங்கை வெளியே கொடுத்துவிடுவார்.

இது எப்படியோ செக்‌ஷனுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே மூத்தவர் மரகதக்கா. புருஷன் இல்லை, இந்தச் சம்பளத்தில்தான் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்தார். இன்னொரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். கேன்டீன் வாசலில் என்னை நிறுத்தி, "எங்களை அனுப்பிப்போடுவாங்களா மேடம்?" என்று கேட்டார். நான் உடனே, "ஒருத்தரையும் அனுப்ப விடமாட்டேங்க்கா, நான் பொறுப்பு" என்றேன். யார் கேட்டார்கள் என்னைப் பொறுப்பேற்கச் சொல்லி? சும்மா இருக்க முடியாத வாய்.

முதல் நோட்டீஸ்

எனக்குத் தமிழ் நன்றாக எழுத வரும் என்று ஒரு கர்வம். "நமது நிறுவனத்தின் வளர்ச்சியைக் கருத்தில் கொண்டு, வரும் திங்கள் முதல் வைண்டிங் பிரிவு வரிசை முறைக்கு மாற்றப்படுகிறது" என்று ஆரம்பித்து, ஒரு முழுப் பக்கம். சனிக்கிழமை போர்டில் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து மேஜைகளை வரிசையாகப் போட்டேன். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

திங்கட்கிழமை பெண்கள் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். ஆனால் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. கேட்டால், "மேஜை எல்லாம் மாறிக் கெடக்குதுங்க, யாரும் ஒண்ணும் சொல்லலீங்களே" என்கிறார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. போர்டில் அவ்வளவு பெரிதாக ஒட்டியிருக்கிறேனே, யார் கண்ணிலும் படவில்லையா என்று கத்தினேன். மேலே ஜன்னலில் முதலாளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மரகதக்கா எழுந்து, சேலையில் ஒட்டிய புங்கம்பூவைத் தட்டிவிட்டுக்கொண்டு, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னார்: "பாத்தமுங்க மேடம். நாளைக்கு உங்க கல்யாணத்துக்கும் பத்திரிக்கையச் செவுத்துல ஒட்டிப்போட்டு, எல்லாரும் வந்துருங்கன்னு உட்ருவீங்களா?"

சென்னைக்காரர் நடத்திய வகுப்பு

அன்றைக்கு எப்படியோ கெஞ்சி உள்ளே அனுப்பினேன். நேரில் சொல்லத்தானே வேண்டும், அதற்கும் ஒரு ஆளைப் பிடிப்போம் என்று சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தேன். பாருங்கள் என் புத்தியை. கேன்டீனில் திரை கட்டி, படம் காட்டி, அம்புக்குறியெல்லாம் போட்டு விளக்கினார். முடிவில், "உங்க மனசுல இருக்கறதை ஒளிவு மறைவில்லாம சொல்லுங்க. வரிசை முறையில என்ன கஷ்டம்?" என்று கேட்டார்.

"ஒரு கஷ்டமும் இல்லீங்க" என்றார்கள். "நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்கள். ஒருத்தி எழுந்து அவருடைய தொண்டை கட்டியிருப்பதைப் பார்த்துச் சுடுதண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். மனிதர் உருகிப்போய், இவ்வளவு ஒத்துழைப்பை எங்கேயும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். நானும் முதலாளியிடம் ஓடிப் போய், எதிர்ப்பே இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்தேன். மறுநாள் பழையபடி ஆளுக்கொரு மோட்டார் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், வரிசையாகப் போட்ட மேஜையிலேயே.

எங்கள் ஃபோர்மேன் பழனிச்சாமியிடம் போய்ப் புலம்பினேன். நேற்று அத்தனை பேரும் தலையாட்டினார்களே என்றேன். அவர் மோட்டாரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "விருந்தாளி வந்த எடத்துல ஊட்டுச் சண்டையப் பேசுவாங்களாங்க அம்மணி? சோறு போட்டு அனுப்பிப்போட்டுத்தானுங்க பேசுவாங்க."

பெட்டி

சரி, வாயால் சொல்லக் கூச்சப்படுகிறார்கள், எழுதியாவது போடட்டும் என்று ஒரு யோசனைப் பெட்டி செய்யச் சொன்னேன். தச்சர் நல்ல தேக்கில், மேலே பிளவு வைத்து, பூட்டுப் போட்டுக் கொடுத்தார். எல்லோரும் தாண்டிப் போகிற இடமாக இருக்கட்டும் என்று வாசல் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டினேன். "உங்கள் யோசனை" என்று எழுதிய அட்டை இரண்டு நாளில் மழையில் கரைந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை.

மாசக் கடைசியில் முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். சில்லறையாகக் கொட்டியது. கூடவே கொஞ்சம் விபூதி, காய்ந்த அருகம்புல், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு வேண்டுதல். யோசனை என்று ஒரு துண்டுக் காகிதம் இல்லை. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளையாரைக் கும்பிட்டுப் போய்விட்டார். எனக்கு மானம் போயிற்று. சில்லறையை என்ன செய்வதென்று விழித்துக்கொண்டு நின்றபோது வாட்ச்மேன் பதறி ஓடிவந்தார்: "மேடம், சாமிக்குப் போட்டதைத் தொடாதீங்க! ஆபீசு செலவுக்கு வேணும்னா மொதலாளிகிட்டக் கேளுங்க!"

தொண்டாமுத்தூர்க்காரர்

வேறு வழியில்லாமல் கையில் ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு நானே செக்‌ஷனில் போய் நின்றேன். யார் எதில் வேகம் என்று பார்த்து உட்கார வைத்தேன். மரகதக்கா கம்பி சுற்றுவதில் கெட்டி, அவர் முதல் மேஜை. ராஜாமணியக்கா உள்ளே இறக்குவதில் கெட்டி, அவர் இரண்டாவது. முன்னால் இருப்பவர் வேலையில் குறை இருந்தால் அடுத்தவர் வாங்கக் கூடாது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் வரிசை முறையின் உயிர் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. வேகம், வேகம் என்று நான் நின்றதில் மோட்டார் எண்ணிக்கை ஏறியது. அடுத்த மேஜை குறை சொல்லித் திருப்பிய மோட்டார் ஒன்றுகூட இல்லை. முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஆர்.எஸ்.புரத்தில் போய் எனக்கே ஒரு பட்டுச் சேலை எடுத்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு விவசாயி டெம்போவில் வந்து இறங்கினார். புது மோட்டார், புகைந்துபோய்க் கருகிக் கிடந்தது; தோப்பில் தண்ணீர் பாய்ந்து பல நாளாம். அவருக்குப் பின்னாலேயே இன்னும் சிலர், ஒவ்வொரு ஊரிலிருந்து. அவசரத்தில் சுற்றியதில் கம்பியின் மேல்பூச்சு உரசிப்போய், உள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கிறது. அந்த விவசாயி சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. என் மேஜை மேல் கருகின மோட்டாரைப் பூப்போல இறக்கி வைத்துவிட்டு, தோள்துண்டால் மேஜையைத் துடைத்தும் விட்டார். பிறகு சொன்னார்: "தென்னையில பாதிய ஆனை முடிச்சுட்டுப் போச்சுங்க. மீதிய நீங்க முடிச்சுட்டீங்க."

சம்பந்தியம்மா

இத்தனை மோட்டார் கெட்டிருக்கிறது, இரண்டாவது மேஜையில் ஏன் ஒன்றுகூடத் திருப்பவில்லை? ராஜாமணியக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். குறை தெரியவில்லையா? தெரிந்தது என்றார். பிறகு ஏன் வாங்கினீர்கள்? முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். நான் விடாமல் அதட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

மரகதக்கா பெண்ணைக் கட்டியிருப்பது ராஜாமணியக்கா மகன். கல்யாணமாகி வருஷம்கூடத் திரும்பவில்லை. கம்பெனியில் அத்தனை பேருக்கும் தெரியும். அந்தக் கல்யாணத்துக்கு நானே போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறேன், தாம்பூலப் பையோடு! சாப்பிட்ட எனக்கு ஞாபகம் இல்லை, ஸ்டாப் வாட்ச் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ராஜாமணியக்கா விசும்பிக்கொண்டே கேட்டார்: "பொண்ணு குடுத்தவங்க கையில வாங்குனதைச் செரியில்லைன்னு எல்லாரு முன்னாலயும் திருப்பிக் குடுத்துப்போட்டு, ஊட்டுல போயி எம்பட மருமக மூஞ்சியில எப்படீங்க முழிப்பேன்?"

அன்றைக்கே இடத்தை மாற்றி உட்கார வைத்தேன். மோட்டாரும் சரியாக வர ஆரம்பித்தது. ஓடிப் போய் முதலாளியிடம் சொன்னேன், கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் வெளியில் ஆள் பேசி முடித்துவிட்டார். பொங்கல் வரை செக்‌ஷன், அதற்குப் பிறகு மூடல். "நீயே பக்குவமா ஒரு நோட்டீஸ் எழுதிரு அம்மணி, உனக்குத்தான் எழுத்து நல்லா வருமே" என்றார்.

சந்தகை

இதையாவது நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெறுங்கையோடு எப்படிப் போவது? பழம் வாங்கிக்கொண்டேன். முதலாளி சிரித்த சந்தோஷத்தில் எடுத்த அந்தப் பட்டுச் சேலையைப் போய்க் கட்டிக்கொண்டேன், மரியாதையாக இருக்கட்டுமே என்று. மொபெட்டை ரயில்வே கேட் தாண்டி, லைன் வீடுகளுக்கு முன்னால் நிறுத்தினேன்.

மரகதக்கா என்னைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "கண்ணு! வாங்க கண்ணு, வாங்க!" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கம்பெனியில் மேடம், வீட்டில் கண்ணு. பாயை உதறிப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "எங்க மேடம் வந்துருக்கறாங்க" என்று காட்டினார். சின்னப் பெண்ணை அனுப்பி காப்பிக்குப் பால் வாங்கிவரச் சொன்னார். அன்றைக்குச் சந்தகை, எங்கள் பக்கத்து இடியாப்பம், பிழிந்திருந்தார்கள். தேங்காய்ப் பால் ஊற்றி, சர்க்கரை போட்டு, வீட்டில் இருந்த ஒரே பூப்போட்ட தட்டில் வைத்துக் கொடுத்தார்.

சொல்ல வாயைத் திறந்தேன். மரகதக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதற்கு இந்த முகமலர்ச்சி என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. அவரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை: "பத்திரிக்கைய வெளிய எடுங்க கண்ணு, வெக்கப்படாதீங்க! மாப்பிள்ளை எந்த ஊருங்க?"

போர்டு

சொல்லவில்லை. நம்புங்கள், சொல்லவில்லை. இன்னும் நிச்சயமாகவில்லைங்க்கா, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்று உளறிவிட்டு, இரண்டாவது தடவை சந்தகை வாங்கிச் சாப்பிட்டேன். கிளம்பும்போது குங்குமம் கொடுத்து, முருங்கைக்காய் ஒரு கட்டுக் கட்டி மொபெட்டில் வைத்துவிட்டார். கேட் மூடியிருந்தது. ரயில் போகிற வரைக்கும் அங்கேயே நின்று அழுதேன். அழுதால்? திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே. போகவில்லையே.

திங்கட்கிழமை நோட்டீஸை ஒட்டினேன். பெண்கள் வரும் முன்னாலேயே ஒட்டிவிட்டு, என் ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்தத் தடவை யாரும் புங்க மரத்தடியில் உட்காரவில்லை. எல்லோரும் நேராக உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தம் என் ரூம் வரைக்கும் கேட்டது. மத்தியானம் மரகதக்கா கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றார். நான் எழுந்து, அக்கா, அன்னைக்கு என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்: "ஊடு வரைக்கும் வந்துபோட்டு, செவுத்துகிட்டப் போயிச் சொல்லிப்போட்டீங்களே மேடம்."

பாராட்டு

பொங்கல் கழிந்தது, செக்‌ஷன் காலியானது. சிலர் பனியன் கம்பெனிக்கு விடியற்காலை பஸ் பிடித்துத் திருப்பூர் போக ஆரம்பித்தார்கள். ராஜாமணியக்கா ஒரு மில்லில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. மேஜைகளை எடுத்த இடத்தில் தரையில் சதுரம் சதுரமாகத் தடம் தெரிந்தது.

அந்த மாதமே முதலாளி எல்லா அதிகாரிகளையும் கூப்பிட்டு, என்னைப் பக்கத்தில் நிறுத்தினார். மற்ற கம்பெனிகளில் ஒரு செக்‌ஷனை மூடினால் கொடி பிடிக்கிறார்கள், கேட்டை மறிக்கிறார்கள், இங்கே ஒரு குரல்கூட எழும்பவில்லை என்றார். கைதட்டல் வேறு. ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "மாத்தம்னா இப்படிப் பண்ணோணும். சத்தமே இல்லாம முடிச்சுப்போட்டயே அம்மணி!"

வெற்றிலை பாக்கு

சித்திரையில் ஒரு நாள் வாட்ச்மேன் வந்து, உங்களைப் பார்க்க ஒரு அம்மா கேட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். மரகதக்கா. உள்ளே விடுவதற்கு அனுமதி வேண்டுமென்று சொல்லிவிட்டார்களாம், அந்தப் புங்க மரத்தடியிலேயே காத்திருந்தார். நான் ஓடினேன். திட்டத்தான் வந்திருக்கிறார், நன்றாகத் திட்டட்டும் என்றுதான் ஓடினேன். திட்டினால் என் மனசாவது கொஞ்சம் ஆறும் என்று ஒரு பேராசை.

அவர் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, குங்குமச் சிமிழைத் திறந்து நீட்டினார். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு, கூட வேலை செய்த சிலரைச் சேர்த்துக்கொண்டு, கருகிப்போன மோட்டாருக்கு வைண்டிங் கட்டுகிற பட்டறை போடுகிறாராம். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்களாம். அவசரமாகக் கையை நீட்டினேன். குங்குமம் சேலையெல்லாம் சிந்தியது. இவ்வளவு வெயிலில் பஸ் ஏறி வரணுமாங்க்கா, வாட்ச்மேன்கிட்டச் சொல்லியிருந்தாலே நான் வந்திருப்பேனே என்றேன். மரகதக்கா தட்டைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "சொல்லி உட எனக்குந் தெரியுமுங்க மேடம். நாளைக்கு நீங்க வராமப் போயி, எனக்கு யாருமே சொல்லலைன்னு சொல்லிரக் கூடாது பாருங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ மாற்றங்களை முன்னால் நின்று நடத்திவிட்டேன், எல்லாவற்றையும் நேரில் போய்த்தான் சொல்கிறேன், அதுவும் அவர்கள் காப்பி போட உள்ளே போவதற்கு முன்னால்.